முப்பத்தேழு கடிதமும் ஒரு கட்டிலும்

திங்கட்கிழமை காலை பேக்கரிக்காரர் எங்கள் அறைக்குள் வந்தபோது நான் ஒரு சக்கர நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, அதன் சின்னச் சக்கரத்தில் சுற்றிக்கிடந்த தலைமுடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். யாருடைய முடி, இப்போது எப்படி இருக்கிறார் என்றெல்லாம் யோசிக்கக் கூடாது. யோசிக்க ஆரம்பித்தால் ஒரு நாளைக்கு ஒரு சக்கரம்கூட முடியாது.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால் என்னவெல்லாம் தேவைப்படுமோ அதையெல்லாம் இரவல் கொடுப்போம். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல். வாடகை கிடையாது. இதை ஆரம்பித்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். நாங்கள் எல்லோரும் அவரைப் பிசியோ அம்மா என்போம். நான் முன்பு ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். வாய் நீளம் என்று அங்கிருந்து அனுப்பப்பட்டு இங்கே வந்தேன். இந்த அறைக்கு நானே மேலாளர், நானே குமாஸ்தா, கூட்டிப் பெருக்குவதும் நானே.

பேக்கரிக்காரரின் புருவத்தில் மைதா ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒரு கட்டில் வேணும்மா. தலைப்பக்கம் தூக்குற மாதிரி. வீட்டுக்காரிக்கு முதுகெலும்புல ஆபரேஷன் ஆயிருக்கு. சனிக்கிழமை அனுப்புறாங்க."

"இந்த சனிக்கிழமையா?"

"ஆமா. அந்த மாதிரி கட்டில் வீட்ல இருந்தாத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்களாம். இல்லேன்னா பராமரிப்பு இல்லத்துக்கு எழுதிடுவோம்னு சொல்லிட்டாங்க. அது பஸ்ல நாலு மணி நேரம். நான் விடியறதுக்கு முன்னாடி அடுப்பு பத்த வெச்சா, கடை சாத்த பொழுது சாஞ்சிடும். எப்பப் போய்ப் பாக்குறது? ஆறு மாசம் அவ அங்க தனியாக் கிடக்கணும்."

"கடையில விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன். நமக்கு எட்டாத உயரம்." புருவத்து மைதாவைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். சண்டை போட்டாக்கூட அவ அம்மா வீட்டுக்குப் போனதில்ல. போனா பன்னை யாரு எண்ணி அடுக்குவான்னு கேப்பா. நான் அடுக்கினா அவளுக்குப் பிடிக்காது."

எங்கள் அறையில் அன்று பதினான்கு வாக்கர் இருந்தது. சக்கர நாற்காலி மூன்று, அதில் ஒன்று நொண்டி. ஊன்றுகோல் ஒரு மூலை நிறைய. கட்டில் ஒன்றுகூட இல்லை. காத்திருப்போர் பட்டியலில் ஒருவரும் இல்லாதது மட்டும்தான் நல்ல செய்தி. இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம்.

"சனிக்கிழமைக்குள்ள உங்க வீட்ல கட்டில் இருக்கும். போய் வேலையைப் பாருங்க."

அவர் கைகூப்பிவிட்டுப் போனார். மேசைக்குப் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த என் நாத்தனார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, கட்டில் எங்க இருக்கு?"

"அது உன் வேலை. நீதானே மார்க்கெட்டிங்."

நாத்தனார் என் கணவரின் தங்கை. ஒரு விளம்பரக் கம்பெனியில் சோப்பு விற்றவள். நுரை வராத சோப்புக்கே ஊரெல்லாம் நுரை கிளப்பியவள் என்று என் கணவர் பெருமையடித்துக்கொள்வார். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று என்னோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். வந்த முதல் நாளே அவள் கேட்டது இதுதான்: "அண்ணி, நீங்க இருக்கீங்கன்னு பக்கத்துத் தெருவுக்காவது தெரியுமா?"

தெரியாது. எங்களிடம் விளம்பரத்துக்கென்று காசு எதுவும் இல்லை. அதுதான் கவலை என்றால், அதற்கு அவளிடம் பதில் இருந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு என்று சும்மா கிடைப்பவை என்னென்ன என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள். பதிவுச் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பினால் போஸ்டர் செய்யும் செயலி இலவசம். ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்கு வரை மின்னஞ்சல் அனுப்பும் கருவி இலவசம். யார் திறந்து பார்த்தார்கள், எத்தனை தடவை பார்த்தார்கள் என்றும் அதுவே சொல்லும். நான் இதில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்று துருவித் துருவிக் கேட்டேன்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதீங்க அண்ணி," என்றாள்.

போன மாதம் அந்த மாட்டை ஒருமுறை ஓட்டியும் பார்த்தோம். ஊரில் பெரிய மனிதர்கள் என்று தேடிப் பிடித்து இருநூற்றுத் தொண்ணூறு முகவரிகளுக்கு ஒரு செய்திமடல் அனுப்பினோம். செயலியில் இருந்த படத்தையே போட்டோம். சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைத் தாத்தா, பின்னால் ஒரு வெள்ளைப் பாட்டி, இருவருக்கும் அறுபத்து நான்கு பல். எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு பேர் திறந்தார்கள். ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. ஒருவர் மட்டும் இனி எனக்கு அனுப்ப வேண்டாம் என்று அழுத்தியிருந்தார். யார் அந்த மகாராசன் என்று பார்த்தால் என் கணவர்.

"வீட்ல நீ சொல்றதே போதுமேன்னு நெனச்சேன்," என்றார்.

அதனால்தான் திங்கட்கிழமை நாத்தனார் கட்டில் தேவை என்று ஒரு போஸ்டர் செய்து எல்லா இடத்திலும் போட்டபோது நான் பெரிதாக நம்பிக்கை வைக்கவில்லை. நல்ல போஸ்டர்தான். செவ்வாய்க்கிழமை காலைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு இதயங்கள் வந்தன. கூப்பிய கைகள் நாற்பது. பகிர்ந்துவிட்டேன், பகிர்ந்துவிட்டேன் என்று ஒருவர் மாற்றி ஒருவர். எல்லோரும் பகிர்ந்தார்கள், கட்டில் மட்டும் வரவில்லை.

"இந்த ஊர்ல கட்டிலே இல்லையா?" என்றாள் நாத்தனார் அலுத்துப்போய்.

அப்போதுதான் நான் மூடிவைத்திருந்த விஷயத்தைத் திறந்தேன். போன வருடம் முழுக்க உட்கார்ந்து எங்கள் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியவள் நான். இதுவரை அறுபத்தோரு கட்டில் கொடுத்திருக்கிறோம். பத்தொன்பது திரும்பி வந்து, ஓட்டை உடைசல் ஆகி, பழுதுக்குப் போய் முடிந்துவிட்டன. மீதி நாற்பத்திரண்டு கட்டில்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. சில எட்டு வருடமாக. அந்த நோயாளிகளின் வயதும் நோயும் என் பட்டியலில் இருக்கிறது. நாற்பத்திரண்டு பேரும் இன்னும் அந்தக் கட்டில்களில் படுத்திருக்கிறார்கள் என்று நம்ப நான் ஒன்றும் சின்னக் குழந்தை இல்லை.

"அப்புறம் என்ன? திருப்பிக் கேட்டுட்டாப் போச்சு!"

"கேக்கக் கூடாது."

"ஏன்?"

"பிசியோ அம்மா சட்டம்."

அது எங்கள் இடத்தின் முதல் சட்டம். கொடுத்த பொருளை நாங்களாகத் திருப்பிக் கேட்கவே மாட்டோம். வந்தால் வாங்கிக்கொள்வோம். அன்று மத்தியானம் பிசியோ அம்மா வந்ததும் நான் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லிச் சண்டை போட்டேன். அவருக்கு என் குரல் உயர்ந்தால் பதற்றமே வராது. யாருடைய முட்டியையோ மடக்கி நீட்டுகிற மாதிரி நிதானமாகப் பேசுவார்.

"ஒரு வீட்டுக்கு போன் பண்ணி கட்டில் இருக்கான்னு கேக்குறதும், உங்க வீட்ல ஆள் போய்ச் சேந்தாச்சான்னு கேக்குறதும் ஒண்ணுதான். நான் கேக்க மாட்டேன். நீயும் கேக்க மாட்டே."

"இங்க ஒருத்தர் பொண்டாட்டியை நாலு மணி நேரத் தூரத்துக்கு அனுப்பப் போறார்."

"தெரியும்."

"நான் வாக்குக் கொடுத்துட்டேன்."

"அதுவும் தெரியும். யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். நலமா என்று மட்டும் கேட்டு எழுது, கட்டிலைப் பற்றி மூச்சு விடாதே என்றார்.

"சமைக்கணும், ஆனா அடுப்பு பத்த வெக்கக் கூடாது. அப்படித்தானே?" என்றேன்.

"அப்படித்தான். அவங்களாக் கொடுத்தாக் கொடுக்கட்டும். இல்லேன்னா, விசாரிச்சோம்கிற புண்ணியமாவது மிஞ்சட்டும். இன்னொண்ணு. படுத்திருக்கறவங்களை எல்லாரும் விசாரிப்பாங்க. பாத்துக்கறவங்க முதுகை யாரும் விசாரிக்க மாட்டாங்க. அதைக் கேளு."

அந்தக் கடைசி வார்த்தை என்னை அடக்கிவிட்டது. உட்கார்ந்து எழுதினேன். நாத்தனார் போட்ட தலைப்பு, படம், பொத்தான் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். வெறும் கடிதம்.

அன்புள்ள என்று தொடங்கி, பெயர். அப்புறம்: எப்படி இருக்கிறீர்கள்? உங்களைப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. முதுகுவலி குறைந்திருக்கிறதா? தூக்கம் நன்றாக வருகிறதா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நாங்கள் அதே இடத்தில்தான் இருக்கிறோம். எங்களால் ஆகக்கூடியது ஏதாவது இருந்தால் ஒரு வரி எழுதுங்கள், ஓடி வருகிறோம்.

கீழே என் பெயரும் அறையின் தொலைபேசி எண்ணும். நாற்பத்திரண்டு வீட்டில் முப்பத்தேழுக்கு மின்னஞ்சல் முகவரி இருந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரைக் கருவியே எழுதிக்கொள்ளும் என்றாள் நாத்தனார். சோதனைக்கு ஒன்று எனக்கு வந்தது. அன்புள்ள நண்பரே என்று இருந்தது. மற்றவர்களுக்குப் பெயர் வரும், இது சோதனை என்பதால் இப்படி என்று விளக்கினாள். சரி என்று தலையாட்டினேன். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அனுப்பினாள்.

ஒன்பதே கால் மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"லெட்டர் போட்டது யாருங்க?" ஆண் குரல். "எங்கப்பாவுக்குத் தூக்கம் நல்லா வருதான்னு கேட்டிருக்கீங்க. வருது. ரெண்டு வருஷமா எந்திரிக்காம தூங்கறார்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்கப்பாவையா கேட்டோம்? இல்லைங்களே, நாங்க உங்களைத்தான்..."

"பேரு எங்கப்பா பேரு போட்டிருக்கு. வேளைக்குச் சாப்பிடறாரான்னு வேற. கூப்பிட்டா ஓடி வருவீங்களாமே? அவர் இருக்கற எடத்துக்கு ஓடி வாங்க, பாக்கலாம்!"

வைத்துவிட்டார். நான் நாத்தனாரின் கையிலிருந்த கணினியைப் பிடுங்கிப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். பட்டியலில் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கருவி கேட்டிருக்கிறது. நாத்தனார் முதல் கட்டத்தைக் காட்டியிருக்கிறாள். சோப்பு விற்றாலும் சீப்பு விற்றாலும் முதல் கட்டத்தில் இருப்பவர்தான் வாடிக்கையாளர், கடிதம் அவருக்குத்தான் போகும். எங்கள் பதிவேட்டில் முதல் கட்டத்தில் இருப்பவர் நோயாளி. கட்டில் நோயாளிக்குச் சொந்தம், தூக்கிக்கொண்டு போகிறவருக்கு அல்ல என்பது பிசியோ அம்மாவின் இரண்டாவது சட்டம். கட்டிலை வாங்கிப் போன மகனோ மருமகளோ நான்காவது கட்டத்தில் இருக்கிறார். மின்னஞ்சல் முகவரி அவருடையது. ஆக, முப்பத்தேழு வீட்டுக்கும் கடிதம் சரியாகப் போயிருக்கிறது. ஆனால் நோயாளியின் பெயருக்கு, அதாவது பெரும்பாலும் செத்தவர் பெயருக்குப் போயிருக்கிறது. முதுகுவலி குறைந்ததா, தூக்கம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறது.

"திருப்பி வாங்க முடியுமா?"

"முடியாது அண்ணி. மெயிலைத் திருப்பி வாங்க முடியாது."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியது. அவள் அழ ஆரம்பித்தாள். நான் திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். ஆனால் கட்டங்களை அப்படி அடுக்கியது நான், சோதனைக் கடிதத்துக்குத் தலையாட்டியதும் நான். திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

பிசியோ அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். வந்ததும் எங்களை ஆளுக்கு ஒரு அறை விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பட்டியலை அச்செடுக்கச் சொல்லி மூன்றாகக் கிழித்தார்.

"ஆளுக்குப் பன்னெண்டு. உனக்குப் பதிமூணு. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி மன்னிப்புக் கேக்கணும். சாக்குப் போக்குச் சொல்லக் கூடாது."

புதன் முழுக்கவும் வியாழன் முழுக்கவும் அதுதான் வேலை. முதலில் அந்த அப்பாவின் மகனைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். சரி என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். அவருடைய கோபம் தீரவில்லை. அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

அடுத்தவர் ஒரு மருமகள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்ததுமே சிரித்துவிட்டார். "எங்க மாமியார் மட்டும் இருந்திருந்தா பதில் எழுதியிருப்பாங்க, ரெண்டு பக்கத்துக்கு. வேளைக்குச் சாப்பிடறேன், ஆனா உப்பு இல்லேன்னு." பிறகு சிரிப்பு நின்று, இருபது நிமிடம் மாமியாரைப் பற்றியே பேசினார். நான் குறுக்கே பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

நாத்தனாருக்கு ஒரு முதியவரே எடுத்தார். உயிரோடிருக்கும் முதல் கட்டத்துக்காரர்! எட்டு வருடமாகக் கட்டிலில் இருக்கிறார். "என் பேருக்குத் தபால் வந்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" என்று சத்தம் போட்டாராம். "கரண்டு பில்கூட பையன் பேர்லதான் வருது. இருக்கேன்மா, இருக்கேன். முதுகு பரவால்ல. அடுத்த மாசமும் எழுதுங்க." நாத்தனார் அழுதுகொண்டே எங்களுக்குச் சொன்னாள். அவளுக்கு அழுகை, நிறுத்த முடியாத நோயாகிவிட்டிருந்தது.

திட்டியவர்கள் மொத்தம் நான்கு பேர். மற்றவர்கள் பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள். சிலர் கட்டிலைப் பற்றி அவர்களாகவே சொன்னார்கள். ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தாகிவிட்டது, அவர் இன்னும் அதில் படுத்திருக்கிறார். ஒன்று மாடியில் மழையில் நனைந்து இற்றுப்போய்விட்டது. இரண்டு பேர் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டோம் என்று குரல் தாழ்த்திச் சொன்னார்கள். இரண்டு நல்ல நிலையில் இருந்தன, ஆனால் வீட்டுக்காரர்கள் வெளியூரில். அடுத்த மாதம்தான் வந்து பூட்டைத் திறப்பார்களாம்.

வியாழக்கிழமை மாலை பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். கையில் ஒரு பொட்டலம் பன். கட்டில் வந்துவிட்டதா என்று கேட்கவில்லை. அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார், பன்னை மேசையில் வைத்தார்.

"இடம் ஒழிச்சு வெச்சிட்டேன்," என்றார். "அடுப்படிக்குப் பக்கத்து ரூம். கடையைப் பாத்துட்டே படுத்திருக்கலாம். அவகிட்டயும் சொல்லிட்டேன்."

"நல்லது," என்றேன். அவர் போனபிறகு அந்தப் பன் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்தேன். வாக்குக் கொடுத்த என் வாயை எதைக் கொண்டு தைப்பது என்று தெரியவில்லை.

முப்பத்தாறு பேரிடம் பேசிவிட்டோம். ஒருவர் மட்டும் எடுக்கவே இல்லை. நாத்தனார் கருவியைத் திறந்து காட்டினாள். போன மாதம் இருநூற்றுத் தொண்ணூறில் இருபத்திரண்டு. இந்தத் தடவை முப்பத்தேழுக்கு முப்பத்தேழு பேரும் திறந்திருந்தார்கள். எடுக்காத அந்த ஒருவர் கடிதத்தைப் பதினான்கு தடவை திறந்திருந்தார்.

"கோவத்துல படிக்கறாங்களோ?" என்றாள்.

"வக்கீலுக்கு அனுப்பறாங்க," என்றேன். எனக்கு அந்த உலகம்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். விரல்களில் சாக்பீஸ் தூள். பள்ளிக்கூட இடைவேளையில் ஓடிவந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. போனை நீட்டினார். அதில் எங்கள் கடிதம்.

"இதை எழுதினது யாரு?"

நான் எழுந்து நின்றேன். "நான்தாங்க. தப்பு எங்க மேலதான். பேரு மாறிப்போச்சு. உங்க பேருக்கு வர வேண்டியது. நாங்க ரெண்டு நாளாக் கூப்பிட்டுட்டே இருக்கோம்..."

"தெரியும். எடுக்கத் தைரியம் வரல. தப்பா அனுப்பிட்டோம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்."

அவர் பிசியோ அம்மா காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா போய் ஒண்ணரை வருஷம் ஆச்சு. எல்லாரும் என்னைத்தான் விசாரிச்சாங்க. தாங்கிக்கோ, மனசைத் தேத்திக்கோன்னு. அம்மாவைப் பத்தி யாருமே கேக்கல. நானா அம்மா பேரை எடுத்தாலும் பேச்சை மாத்திடுவாங்க, எனக்கு வலிக்குமாம். திடீர்னு புதன்கிழமை அவங்க பேரைப் போட்டு, எப்படி இருக்கீங்கன்னு ஒரு லெட்டர். கிளாஸ்ல இருந்தேன். பிள்ளைங்க முன்னாடியே அழுதுட்டேன். மறுபடி மறுபடி படிச்சேன்."

பதினான்கு தடவை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

"முதுகுவலி குறைஞ்சுதான்னு கேட்டிருக்கீங்க. குறைஞ்சிருக்கும்னு நெனக்கறேன்," என்றார். "கட்டில் அப்படியே இருக்கு. வாரா வாரம் விரிப்பு மாத்தறேன்."

மணி பன்னிரண்டே முக்கால். பேக்கரிக்காரரின் மனைவியை மறுநாள் காலை பத்து மணிக்கு அனுப்புகிறார்கள். ஊரிலேயே நல்ல நிலையில், இப்போதே எடுக்கக்கூடிய கட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் சொந்தக்காரரின் மகள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டுவிடு, கேட்டுவிடு என்று என் வாய் துடித்தது. பிசியோ அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை தேவைப்படவில்லை. வாரா வாரம் மாற்றப்படும் விரிப்பைப் பற்றிக் கேட்ட பிறகு, அதைக் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

டீச்சர் போனைப் பார்த்தார். "ஏதாவது ஆகணும்னா எழுதுங்க, ஓடி வரோம்னு போட்டிருக்கீங்களே. அது நெஜமா? இல்ல, சும்மா எழுதறதுதானா?"

"நெஜம்," என்றேன்.

"அப்ப எனக்கு ஒரு உதவி வேணும். அந்த ரூமைக் காலி பண்ணணும். ஒண்ணரை வருஷமாப் பாக்கறேன். கதவைத் திறப்பேன், விரிப்பை மாத்துவேன், வந்துடுவேன். தனியா என்னால முடியல. கூட யாராவது வருவீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாத்தனாரைக் கேலி செய்த வாய். மறைக்கவும் முடியவில்லை.

"எப்ப வரணும்?"

"சாயங்காலம் வர முடியுமா? நாளைக்குன்னா மறுபடி மனசு மாறிடும்."

போனோம். மூன்று பேரும், எங்கள் வேன்காரரும். பிசியோ அம்மா அலமாரியில் இருந்த மருந்துகளைப் பிரித்தார். நாத்தனார் புடவைகளை மடித்தாள். மடிக்கும் ஒவ்வொரு புடவைக்கும் டீச்சர் ஒரு கதை சொன்னார். கட்டிலைப் பிரிப்பதற்கு முன்னால்தான் நான் பேக்கரிக்காரரைப் பற்றிச் சொன்னேன். யாருக்குப் போகிறது என்று அவரே கேட்டார், அதனால் சொன்னேன். நாளை காலை பத்து மணி என்றதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மத்தியானம் நான் வந்தப்பவே உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நாங்க கேக்கறதில்ல."

அவர் குனிந்து கட்டிலின் கைப்பிடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நாளைக்கு நானும் வரேன்," என்றார். "இந்தக் கைப்பிடி மூணாவது சுத்துல மக்கர் பண்ணும். கொஞ்சம் வெளியே இழுத்துச் சுத்தணும். பழகாதவங்க கைக்கு வராது."

சனிக்கிழமை எட்டு மணிக்கே பேக்கரியில் இருந்தோம். கடைக்குப் பின்னால் அடுப்படி, அதற்குப் பக்கத்தில் சொன்னபடி ஒழித்துவைத்த அறை. பேக்கரிக்காரர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார், அவருடைய சட்டைக்கும் கொஞ்சம் அடித்திருந்தார். கட்டிலைப் பூட்டி முடித்ததும் படமெடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள் நாத்தனார். நல்ல வெளிச்சம் வரும் பக்கமாக நின்று நான்கு படம் எடுத்தாள், விளம்பரக்காரி அல்லவா. பத்தே கால் மணிக்குச் சரி என்று பதில் வந்தது. அதைப் படித்ததும் பேக்கரிக்காரர் அடுப்படிக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

பதினொன்றரை மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அந்த அம்மா மெலிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தார். ஏழு வாரமாகக் கூரையைத் தவிர எதையும் பார்க்காதவர். நான்கு பேர் பிடித்து மெதுவாகக் கட்டிலில் கிடத்தினார்கள். முகம் வலியில் சுருங்கியது. பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வாசலில் நின்று, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் தவித்தார்.

டீச்சர் கால்மாட்டில் குனிந்தார். "மெதுவாத்தான் தூக்குவேன். வலிச்சாச் சொல்லுங்க," என்றார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவதில் கைப்பிடி சிக்கியது. வெளியே இழுத்துச் சுற்றினார். அந்த அம்மாவின் தலை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. கண்ணைத் திறந்தார். சுவரைப் பார்த்தார், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், கதவு வழியாக அடுப்படியைப் பார்த்தார். அங்கேயே பார்வை நின்றது. மூக்கைச் சுளித்தார்.

"அங்க என்ன வேடிக்கை?" என்றார் கணவரிடம். குரல் கம்மிப்போயிருந்தது, ஆனால் அதிகாரம் குறையவில்லை. "ட்ரேயைத் திருப்பி வைங்க. ஒரு பக்கம் கருகுது."

முப்பத்தோரு வருடமாக அந்தக் குரலுக்குப் பழகிய மனிதர், கண்ணைக்கூடத் துடைக்காமல் அடுப்புக்கு ஓடினார்.